மூன்று சீப்புகள்

எடின்பரோவில் இந்த அறைக்குச் சன்னல் இல்லை.
மேசையில் காகிதம்போல் உலர்ந்து கிடக்கிறது
இருநூற்று முப்பது வயது ஆட்டுக்குடல்,
விளிம்பில் வெளுத்துப்போன ரோஜாநிற ரிப்பன்.
கையுறை மாட்டிக்கொண்டு
இன்னோர் உறையைத் தொடுகிறேன்.

விளக்க அட்டைக்கு நாற்பது சொல்தான் தருவார்கள்.
ஆணுறை, செம்மறிக் குடல், பட்டு நாடா என்று
ஐந்தைச் செலவழித்துவிட்டு
தேநீர் ஆறுவதைப் பார்த்திருக்கிறேன்.

செய்தவள் பெயர் எங்கும் இல்லை.
நானாக வைத்துக்கொண்டேன், கிரிஸல்.
கௌகேட் சந்தில் கசாப்புக்காரன் பின்வாசலில்
விடியுமுன் வாளியோடு நின்றிருப்பாள்.
குடலைப் புரட்டி, சாம்பல்நீரில் ஊறவிட்டு,
நகம் படாமல் சவ்வைச் சுரண்டி,
கந்தகப் புகை காட்டி,
கடைசியில் வாய்வைத்து ஊதியிருப்பாள்.
காற்று நின்றால் விலைக்கு.
இளைத்தால் நாய்க்கு.
அந்தக் காலத்துத் தரச்சோதனை
ஒருத்தியின் மூச்சு.

வாங்கியவன் பிள்ளைக்கு அஞ்சியிருக்க மாட்டான்,
மேகப்புண்ணுக்கு அஞ்சினான்.
நீரில் நனைத்து மாட்டினான், ரிப்பனை முடிந்தான்,
கழுவினான், காயவைத்தான், மடித்தான்.
மறுபடி. மறுபடி.
ஒரே உறை, எத்தனை படுக்கையோ.

உருப்பெருக்கியில் ஓர் ஓட்டை தெரிகிறது,
கடுகில் பாதி.
பூச்சி அரித்ததா, ரிப்பன் கோத்த ஊசி தவறியதா,
ஓட்டைக்கு வயது சொல்லும் கருவி
எங்களிடம் இல்லை.
அன்றைக்கே இருந்திருந்தால்
அதன் வழியே வந்த வம்சத்தில் ஒருத்தி
இன்று காலை டிராமில்
எனக்கு இடம் கொடுத்திருக்கலாம்.

பிறகு ரப்பர் வந்தது, சைக்கிள் டியூப் தடிமனில்,
தையல் தழும்போடு.
அதன்பின் மெல்லிய மரப்பால்.
இப்போது ஒவ்வொன்றிலும் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கிறார்கள்,
சிலவற்றில் நீர் நிரப்பித் தொங்கவிடுகிறார்கள்,
ஒரு சொட்டு விழக்கூடாது.
தவறாமல், பிழையில்லாமல் அணிந்தால்
ஆண்டுக்கு நூறு பெண்களில் இருவர் கருவுறுவர்.
மனிதர்கள் அணிகிற மாதிரி அணிந்தால்
பதின்மூன்று.
இரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
இருட்டு, அவசரம், ஒரு கோப்பை விஸ்கி,
பர்ஸில் ஆறு மாதம் நசுங்கிய பொட்டலம்,
இன்று ஒருநாள்தானே என்கிற குரல்.

அட்டையில் இவ்வளவையும் சுருக்கிவிடுவேன்.
முர்டோவை எங்கே எழுத?

எண்பத்தைந்து, லீத் வாக், மழை.
மருந்துக்கடையில் அவை கல்லாவுக்குப் பின்னால் இருந்தன,
வாய்விட்டுக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.
கல்லாவில் மிஸஸ் டால்கிளீஷ்,
ஞாயிறு ஆராதனையில் எங்களுக்கு முன்பெஞ்சு.
என் தம்பி வரிசையில் நின்றான்,
முறை வந்தது,
ஒரு சீப்பு வாங்கினான்.
அடுத்த வாரம் இன்னொரு சீப்பு.
அதற்கடுத்த வாரமும்.
இதை எனக்குச் சொல்லும்போதே சிரித்தான்,
சிரிப்பு இருமலாகித்
தாதி வந்து தலையணையை உயர்த்தினாள்.
அதற்குள் சீவுவதற்கு முடி இல்லை.
யாரோடு இருந்தான் என்று நான் கேட்கவில்லை.
ரோரி என்றொருவன் திராட்சை கொண்டுவருவான்,
கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து
அவனும் இருமுவான்.

நூறில் எத்தனை என்று கணக்கெடுப்பவர்கள்
கடையிலேயே கேட்கப்படாமல் போனதை
எந்தப் பத்தியில் சேர்க்கிறார்களோ.

மெல்லிய ஜப்பான் காகிதம், கோதுமைப் பசை,
முடியளவு தூரிகை.
அரைமணி நேரத்தில் அந்த ஓட்டையை
யாருக்கும் தெரியாமல் அடைத்துவிட முடியும் என்னால்.
அதற்குத்தான் சம்பளம்.
அடைக்கவில்லை.
நிலை நன்று, ஒரு துளை உண்டு
என்று பதிவேட்டில் எழுதித் தேதியிட்டேன்.

வீட்டில் குளியலறைக் குவளையில்
மூன்று சீப்புகள் நிற்கின்றன.
ஒன்றிலும் ஒரு பல்கூட உடையவில்லை.