வத்தம்

முங்கி எழுந்தவளுக்கு மூக்கில் நீர் வடியும்.
அது கணக்கில் வராது.
பாசி அள்ளும் எங்கள் எல்லோருக்கும் வடியும்,
சோறு போடும்போது, பிள்ளைக்குப் பேன் பார்க்கும்போது.
பகலெல்லாம் குடித்த கடல்
ராத்திரி ரெண்டு சொட்டாய்த் திரும்பி வரும்.
சட்டியில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், அவ்வளவுதான்.

அதனால்தான்
உப்புத்தண்ணித் தீவுக்கு மேற்கே
பாருக்குள்ளிருந்து மேலே வந்தபோது
வள்ளத்தின் அணியம் நெற்றியில் இடித்த நாளை
நான் எதோடும் சேர்க்கவில்லை.
புருவத்தில் நாலு தையல், சாயல்குடியில் போட்டார்கள்.
பிறகு காற்று மாறியது.
பதினெட்டு நாள் கரையில் கிடந்தும்
வலது மூக்கு மட்டும் சொட்டியது.

கடலுக்கே போகாதவளுக்கு எங்கிருந்து கடல்?

நாக்கில் வைத்துப் பாரேன் கித்தேரி, என்று
கேலி செய்தாள் ரொசாலி.
வைத்தேன்.
உப்புதான். எங்கள் உப்பு இல்லை.
எங்கள் தண்ணீர் வாயைச் சுருக்கும்.
இது சுருக்காமல், முடிவில் ஒரு பொட்டுத் தித்திப்போடு போனது,
அலைக்குப் பத்தடி தள்ளி மணலைத் தோண்டினால்
முதலில் கசியுமே, அது மாதிரி.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஊர் எது என்றார் நர்ஸ்.
மூக்கையூர் என்றதும் சிரித்துவிட்டார்.
சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் போல
சின்னக் குப்பியை என் கையில் வைத்து மெதுவாகச் சொன்னார்:
குனிங்க.

குனிந்தேன்.
ஒன்று.
வெகுநேரம் கழித்து
ரெண்டு.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
குப்பியின் அடிதான் நனைந்திருந்தது.
தூசி இல்லை, நிறம் இல்லை.
இப்படித் தெளிந்த தண்ணீரைப் பங்குனியில்
காற்று செத்துக் கிடக்கும் ரெண்டு மூன்று நாளில்தான் பார்த்திருக்கிறேன்.
அப்போது நாலு பாகம் கீழே கிடக்கும் சங்கின் முள் தெரியும்.

சளி இல்லம்மா, என்றார் டாக்டர்.
மூளையச் சுத்தி நிக்கிற தண்ணி.
முதுகுத்தண்டு வரைக்கும் இறங்கிப்போய்த் திரும்பி வரும்.
மூளை அதுலதான் மிதக்குது.
வெளிய எடுத்தா ஒன்றரைக் கிலோ பக்கம்,
உள்ள அம்பது கிராம்.

படம் வரையத் தாளைத் திருப்பினார்.
எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை.
தண்ணீருக்குள் பாசிச் சாக்கை ஒற்றை விரலால் இழுப்பேன்.
அதே சாக்கு, நீர்மட்டம் தாண்டியதும்
ரெண்டு பேர் கழுத்தை முறிக்கும்.

என் தலைவலியும் அப்படித்தான்.
படுத்தால் இல்லை.
எழுந்து நின்றால்
வத்தத்தில் தரைதட்டின வள்ளமாய்
உள்ளே ஏதோ ஒருபக்கம் சாய்ந்து உட்காரும்.
ஒரு நாளில் மூன்று நாலு தடவை
பழசு போய்ப் புதுசு ஊறுமாம்,
அரை லிட்டர்,
நான் தூங்கினாலும், பூசைக்குப் போனாலும்,
ரொசாலியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும்.

நீவாடு திரும்பும் ஒவ்வொரு திசைக்கும் பேர் வைத்திருக்கிறோம்.
இதற்கு ஒரு பேர் வைக்க
நாற்பது வருஷமாய் யாருக்கும் தோன்றவில்லை.

மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
மூக்கு வழியே போய்,
தொடையில் துண்டுச் சதை எடுத்து ஓட்டையை அடைப்பார்களாம்.
கலப்பத்து வேலைதானே, என்றார் சந்தியாகு.
பலகைச் சந்தில் பஞ்சு திணித்துத் திணித்து
விரல் தடித்தவர்.
அவருக்கு அதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

தும்மக் கூடாது. முக்கக் கூடாது. குனியக் கூடாது.
முங்குறது? என்றேன்.
டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இன்று வியாழன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
விடியுமுன் வள்ளங்களின் இன்ஜின் சத்தம்
ஒவ்வொன்றாகத் தீவுப் பக்கம் போகிறது.
எதில் ரொசாலி இருக்கிறாள் என்று சத்தத்திலேயே தெரிகிறது.
தலைக்கு ரெண்டு தலையணை.
பக்கத்தில் காய்ந்த கைக்குட்டை.
கடல் காய்ந்தால் துணி வெள்ளை பூக்கும்.
சளி காய்ந்தால் விறைக்கும்.
இது பூக்கவும் இல்லை, விறைக்கவும் இல்லை.
வெளிச்சம் வந்ததும்
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்,
எந்த இடம் நனைந்திருந்தது என்று.