வடிகுழாய்

ஜல்லடியன்பேட்டை, மூன்றாவது குறுக்குத் தெரு.
மேலே ஏசி ஒழுகுகிறது, என் சுவரெல்லாம் ஈரம் என்று
கீழ்வீட்டுக் கிருபாகரன் கொடுத்த புகார்.
மேல்வீட்டில் கதவைத் திறந்தவர் சொன்ன முதல் வார்த்தை:
நிறுத்திவிடாதீர்கள்.

பின்பக்க பால்கனியில் பழைய குளியல்தொட்டி.
வடிகுழாய் அதற்குள் வாயை வைத்துக் கிடந்தது.
கோரை என்றுதான் நினைத்தேன்.
இந்தப் பக்கம் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றாலும்
மறுவாரமே கோரை வந்து கையெழுத்துப் போட்டுவிடும்.
கோரை இல்லை, ஐரிஸ், என்றார் ரெஜினா மேடம்,
ஜப்பான் ஐரிஸ். இலையைத் தடவிப் பாருங்கள்.
தடவினேன். நடுவே ஒரு வரம்பு,
மணிக்கட்டில் நரம்பு புடைத்ததுபோல.

குளத்தோரத்துச் செடி.
வேர் ஈரத்தில் நிற்க வேண்டும், கழுத்து மூழ்கக் கூடாது.
சுண்ணாம்பு ஆகவே ஆகாது.
போர்வெல் தண்ணீர் ஊற்றிய முதல் கிழங்கு
ஒரே மாதத்தில் வெளிறிச் செத்ததாம்.
லாரித் தண்ணீரில் இரண்டாவது.
மூன்றாவதற்கு என் தண்ணீர்.

என் தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும்.
இருபத்திரண்டு வருடமாக அதைச்
சன்ஷேடிலும் சாக்கடையிலும் விட்டுக்கொண்டிருக்கிறேன்,
சமயத்தில் நடந்துபோகிறவர் தலையிலும்.
உப்பில்லை, கறையில்லை,
காற்றைப் பிழிந்த தண்ணீர்.
ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?
மே மாதம் என்றால் ஒரு குடம்.
டிசம்பரில் மெஷினே ஓடாது மேடம்.
டிசம்பரில் அதற்கும் தூக்கம்தான், என்றார்,
பிள்ளையின் பரீட்சை லீவைச் சொல்கிற மாதிரி.

காயில் கழுவும் மருந்தை
அன்று பையிலிருந்து எடுக்கவில்லை.
அந்த நுரை எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துவிட்டதே.
வெறும் தண்ணீர், பழைய டூத் பிரஷ்.
இருபது நிமிட வேலை ஒன்றரை மணி நேரம்.
குழாயின் முழங்கையில் விரிசல்; அதை மட்டும் மாற்றினேன்.
வேலைச்சீட்டில் ‘நிலை’ என்ற கட்டத்தில்
சொட்டுகிறது, சரி
என்று எழுதியதற்கு
சூப்பர்வைசரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பூத்ததா என்று கேட்க எனக்கு மூன்று சர்வீஸ் ஆனது.
இல்லை.
குளிர் போதவில்லையாம்.

குளிர் விற்கிறவன் நான்.
சிலிண்டரில் அடைத்துத் தோளில் போட்டு
மாடி மாடியாக ஏற்றிக்கொடுப்பவன்.
கம்ப்யூட்டருக்குக் குளிர், கல்யாண மண்டபத்துக்குக் குளிர்,
செத்தவரைக் கிடத்தும் பெட்டிக்கும் குளிர்.
கேட்டு நிற்கிற இது மட்டும் வெளியே,
அவுட்டோர் யூனிட்டுக்கு நேர் எதிரே,
நாங்கள் துப்புகிற அனலை முகத்தில் வாங்கிக்கொண்டு.
அதன் பங்குக்கு வந்தது
குளிரின் வியர்வை.

யூனிட்டை வடக்குச் சுவருக்கு மாற்றினேன்.
காப்பர் பைப் பன்னிரண்டு அடி,
வேறெங்கோ கழற்றியது, கணக்கில் வராதது.
ஜனவரி ராத்திரிகளில் ரெஜினா மேடம்
டீத்தூள் சக்கையை வேரடியில் பரப்பி
மேலே ஐஸ் கட்டி அடுக்கினார்.
பைத்தியம் என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது.
பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் எதுவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் போன்.
கேஸ் குறைந்திருக்கும் என்று போனேன்.
தண்டின் உச்சியில் மொட்டு ஒன்று,
பேனா மூடி உயரம், நுனியில் ஒரு கீற்று ஊதா.
வியாழக்கிழமை விரியலாம், என்றார். வாருங்கள்.

வியாழக்கிழமை கத்திரி ஆரம்பம்.
ஒரு நாளைக்குப் பதினோரு வீடு.
மறு வியாழன் மேடவாக்கத்தில் வேலை முடித்து
அழுக்குக் கையோடு போய் நின்றேன்.
மொட்டு விரியாமலே பழுப்பாகியிருந்தது.

பிளேடு கொண்டுவந்தார்.
நீங்களே பிரியுங்கள், கம்பி உரிக்கிற கை.
மேலே காய்ந்த ஓலை. இரண்டு சுற்று உரித்தேன்.
உள்ளே
நனைத்த கைக்குட்டையை மடித்து வைத்ததுபோல
ஊதா. ஊதாவின் அடியில் மஞ்சள் கோடு.
எல்லாம் முழுசாக இருந்தது.
விரிக்க இடமில்லாமல் என் உள்ளங்கையில் விரித்தோம்.

கம்ப்ரசர் நின்று, மறுபடி பிடித்தது.
போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.
பெருங்குடி, பன்னிரண்டாவது மாடி.
கூலிங்கே இல்லையாம்.