அஞ்சு ரூபாய் பிடித்தம்

எல்லாரும் ஊட்டியா என்று கேட்கிறார்கள்.
செல்லூர் என்றால் சிரிப்பு.

பந்தல்குடி வாய்க்கால் நாறும் சந்து.
எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாய்
ஒரு முருங்கை, அவ்வளவுதான் தோட்டம்.
அந்த நீரூற்று, கழுத்து நீண்ட அன்னம்,
முட்டைக்கோஸ் பருமனுக்கு ரோஜா
எல்லாம் உரக்கடை காலண்டரிலிருந்து
குத்தூஸ் கொண்டுவந்து வைத்தது.

தியேட்டர் பேனருக்கு முகம் எழுதுகிறவர்.
ஐப்பசி மழை, பேனர் வேலை இல்லை,
நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார்.
பாவாடைக் கரையில் வர்ணம் விட்டுப்போச்சென்று
அஞ்சு ரூபாய் பிடித்துக்கொண்டு
மிச்சத்தை ஆறு மாதமாய்க் கொடுத்தார் அப்பா.

நாலு ஞாயிறு
கவிழ்த்துப் போட்ட சீமெண்ணெய் டின்னில் உட்கார்ந்திருந்தேன்.
காது குத்தப்போகிற பிள்ளை,
கம்மலை இப்பவே எழுதிருங்கண்ணே என்றாள் அம்மா.
எழுதினார்.
எனக்கு முதலில் காது குத்தியது
படத்தில்தான்.

கிடாயையும் சேர்க்கச் சொன்னேன்.
முருங்கையில் கட்டியிருந்தது,
என் பாவாடையே அதற்குத் தழை.
ஆட்டுக்குத் தனிக்கூலி பாப்பா,
சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.
"அதுக்கெதுக்குப் படம்?
இன்னும் பத்து நாள்."
என்ன பத்து நாள் என்று
நான் கேட்கவில்லை.

பாண்டிகோயில்.
பாண்டி சாமிக்குப் பொங்கல்,
சமயக் கருப்புக்குக் கிடா.
அது விடியுமுன்னே வேறு வண்டியில் போயிருக்கிறது.
என் காதில் ஒரு பொட்டு ரத்தம்,
அதற்கு ஊரே வாயில் சர்க்கரை போட்டது.
பந்தியில் கறி இன்னொரு கரண்டி
கேட்டு வாங்கினேன்.
சாயங்காலம் வீட்டுக்கு வந்தால்
முருங்கையில் கயிறு.

நேற்று வெள்ளையடிக்கப் படத்தை இறக்கினோம்.
நாற்பத்தோரு வருஷத்துச் சாம்பிராணிப் புகை.
உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் போகும் என்றார்கள்.
அன்னம் வெளுத்தது.
'செல்வி ஒச்சம்மாள், வயது ஆறு' துலங்கியது.
குரோட்டன்ஸ் புதரில் மஞ்சளாய் ரெண்டு புள்ளி
தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை.
மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
புள்ளிக்குள் படுக்கைவாட்டில் கருப்புக் கோடு.

இலை நரம்பென்று இத்தனை வருஷம் நினைத்தது
ஒரு தாடை.
அது வந்து முடிகிற இடத்தில்
என் பாவாடைக் கரை.
அப்பா அஞ்சு ரூபாய் பிடித்த இடம்.

விட்டுப்போனதில்லை அது.
கடித்திருக்கிறது.

மேற்கொண்டு துடைக்கவில்லை.
கருத்துப்போன பாதி உருளைக்கிழங்கை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
வெகுநேரம்
கையிலேயே வைத்திருந்தேன்.