ஓர் அங்குலம், அரை நூல்

கொண்டலாம்பட்டி பைபாஸில்
ஜபருல்லாவின் டயர் கடை.
என் வண்டி கால் இல்லாமல் நிற்கிறது,
நான்கு ஸ்டாண்டுகளின் மேல்.
சுவரோடு சாய்த்து வைத்த ரிம்கள்.
எல்லாம் கறுப்பு, எல்லாம் பதினாறு அங்குலம்.
முதுகைத் திருப்பினால்தான் எது எதுவென்று தெரியும்.

போன ஆடியில் வண்டியை இரண்டங்குலம் தூக்கினேன்.
நாகலூர் தாண்டி, மிளகு ஏற்றப் போகும் மண்பாதையில்
ஒரு கல் இருக்கிறது.
பன்றி முதுகு மாதிரி, ஈரத்தில் பளபளவென்று.
தூக்கிய பிறகும் இடித்தது.
அதே டிஃபரன்ஷியல். அதே சத்தம்.

"லிஃப்ட் கிட்டு உடம்பைத்தான் தூக்கும் மேடம்.
அச்சு ஏறணும்னா டயர் பெருசாகணும்,
வேற வழியே இல்ல."

பில்லின் பின்புறம் கணக்குப் போட்டார்.
இருநூற்று நாற்பத்தைந்து எழுபதைக் கழற்றி
இருநூற்று அறுபத்தைந்து எழுபத்தைந்து மாட்டினால்
விட்டத்தில் கூடுவது ஐம்பத்து நான்கு மில்லி.
அதில் பாதி மேலே போய் மட்கார்டைத் தேடும்.
மீதிப் பாதிதான் கல்லுக்கும் எனக்கும் நடுவில்:
ஓர் அங்குலம், அரை நூல்.

ரிம்மோடு சேர்த்துத் தொண்ணூறாயிரம்.
ஏற்காட்டில் மனையே இதைவிட மலிவு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இதை எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

அடுத்தது ஆஃப்செட்.
ரிம்மின் சரிபாதியில் கண்ணுக்குத் தெரியாத கோடு.
போல்ட் இறங்கும் முகம்
கோட்டுக்கு வெளியே இருந்தால் பிளஸ்,
சக்கரம் உள்ளே ஒடுங்கும்.
கோட்டுக்கு உள்ளே இருந்தால் மைனஸ்,
சக்கரம் வெளியே விரியும்.
எனக்கு இது பிடிபட இரண்டு டீ ஆனது.

தம்பி கிருபாகரனுக்கு மைனஸ் பன்னிரண்டுதான் வேண்டும்.
ஓட்டப்போவது நான், போட்டோ எடுக்கப்போவது அவன்.
"நண்டு மாதிரி அகட்டி நிக்கணும்க்கா."
சரி, ஒரு நாளைக்கு மாட்டிக் கொடுங்கள் என்றேன்.

அடிவாரம் தாண்டியதும் ஸ்டியரிங் கனத்தது.
குழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்
கையைப் பிடித்து இழுத்தது.
பதினோராவது வளைவு. எதிரே சுற்றுலா பஸ்.
முழுசாக ஒடித்தேன்.
சர்ர்ர்ர்.
டயர் தோள்பட்டை பாடியில் உரசும் சத்தம்,
தீய்ந்த காப்பிக்கொட்டை வாசனை,
அதற்குப் பிறகு ஒரு வாய்க்கால் சேறு,
மட்கார்டுக்கு வெளியே நீட்டிய சக்கரம் வாரி எறிந்தது,
ஜன்னல் ஓரம் கிருபாகரன்,
வெள்ளைச் சட்டை.

மறுநாள் ஜபருல்லா
மட்கார்டு உள்மடிப்பில் கைப்பிடி களிமண் அப்பினார்.
பிளஸ் இருபத்தைந்தை மாட்டி,
ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து,
ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கச் சொன்னார்.
களிமண் நசுங்கிய இடத்தில் ஊக்கைக் குத்தி
நகத்தால் அடையாளம் வைத்து ஸ்கேலில் பார்த்தார்.
ஏழு மில்லி.
"போதுமா?"
"போதும்னு சொல்ல மாட்டேன். இருக்குன்னு சொல்றேன்."

பார்த்தால் ஒன்றும் பிரமாதமில்லை.
லீ பஜாரில் மூட்டை இறக்கும்போது
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
முள் நாற்பது காட்டினால் நிஜத்தில் நாற்பத்து மூன்று,
அதை நானாகக் கூட்டிக்கொள்கிறேன்.
மைல் கணக்கு ஒரு லிட்டருக்கு ஒன்று குறைந்தது,
தம்பியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, மழை விட்ட மறு மணி நேரம்,
அந்தக் கல் வந்தது.
ஒன்றாம் கியர். மூச்சைப் பிடித்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கி, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தேன்.
கல்லின் மேல் பழைய கீறல்கள் மட்டும்,
எல்லாம் என்னுடையவை.

இன்னும் ஒரே ஓர் இடத்தில் உரசுகிறது.
எங்கள் கேட்டில், ரிவர்ஸில்,
இடது பக்கம் கடைசிவரை ஒடிக்கும்போது.
மட்ஃபிளாப்பை இரண்டு விரல்கடை வெட்டினால் சரியாகிவிடும்.
கத்தியை எடுத்துக்கொண்டு போனேன் ஒருநாள்.
அதற்குள் சத்தம் கேட்ட நாய்
எழுந்து, சோம்பல் முறித்து,
தட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.