இப்போதைக்கு

இரவு பதினொன்றே கால். அனுப்பர்பாளையம்.
நானூறு பெட்டி பனியன் டேப் ஒட்டி நிற்கிறது,
ஸ்டிக்கர் இல்லாமல்.
தூத்துக்குடி லாரி கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டது.
"ஏனுங்கம்மணி, ஆச்சுங்களா?"
மேனேஜர் நாச்சிமுத்து மூன்றாம் முறை கேட்கிறார்.
ஆகலீங்க.
ஒடிசாப் பையன் பித்து பெட்டி மேல் உட்கார்ந்து
காலாட்டிக்கொண்டிருக்கிறான்.
சேர்ந்த அன்று அவன் பெயர் வாயில் நுழையாமல்
சூப்பர்வைசர் இப்போதைக்கு வைத்த பெயர் அது.

எங்கள் கணினிகளுக்கு ஆற்றுப் பெயர்.
பேக்கிங் மேசையில் இருப்பது அமராவதி.
ஸ்டிக்கர் அடிக்கும் பெட்டி நொய்யல்.
நிஜ ஆறுகள் கரூர்ப் பக்கம் போய்
தனித்தனியே காவிரியில் விழும்.
இங்கே நடுவில் இருப்பது
பதினெட்டு மீட்டர் நீலக் கேபிள்.
அதற்குள் வழி தொலைந்துவிட்டது.

கறுப்புத் திரையில் கூப்பிட்டேன்:
பிங், நொய்யல்.
உடனே பதில்,
ஒரு மில்லிசெகண்டுகூட ஆகவில்லை.
உயிரோடுதானே இருக்கிறாய், பிறகென்ன பிகு?
பிரிண்டர் மூடியைத் திறந்தேன், மூடினேன்.
ரோல் மாற்றினேன்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
போன வாரம் ரூட்டர் மாற்றிய பையனைத் திட்டினேன்,
பெயர் தெரியாததால்
அவன் கம்பெனியைச் சேர்த்து.

அப்புறம் ரூட்டரிடமே கேட்டேன்: நொய்யல் என்ன நம்பர்?
நாற்பது, என்றது.
அமராவதியை மறுபடி கூப்பிடச் சொன்னேன்.
அது போய்ப் பதினாலாம் நம்பரைத் தட்டுகிறது.
பதினாலும் கதவைத் திறந்து
இருக்கிறேன் இருக்கிறேன் என்கிறது.

யார் நீ?

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
கேட்டருகே சுவரில்
விரல் வைத்து அட்டெண்டன்ஸ் போடும் பெட்டி.
பச்சை விளக்கு, அதன் மேல் ஒரு பல்லி.
பொழுது சாய்ந்ததிலிருந்து நானூறு ஸ்டிக்கரை
இதனிடமா கேட்டுக்கொண்டிருந்தோம்?
பாவம், அதற்குத் தெரிந்தது
கூப்பிட்டால் ஏனென்று கேட்பது.
டீ குடிக்கப் போக பித்து வந்து விரல் வைத்தான்.
திரையில் எழுத்து ஓடியது:
பித்யாதர் மல்லிக்.

படியேறும்போது உறைத்தது.
ஒரு பெயரைச் சொன்னால் இந்த மெஷின்
முதலில் தன் வீட்டுச் சுவரில் கிறுக்கியிருப்பதைப் படிக்கும்.
அங்கே இல்லையென்றால்தான் தெருவில் விசாரிக்கும்.
நான் நேராகத் தெருவில் கேட்டிருக்கிறேன்.
அது இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஹோஸ்ட்ஸ் ஃபைல். மொத்தம் ஆறு வரி.
ஐந்தாவது வரி: பதினாலு, நொய்யல்.
எந்தப் புண்ணியவான் எழுதியது?
எனக்கு முன்னால் இருந்த சென்னியங்கிரிதான்,
எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுப்போகிற ஆள்,
விடியட்டும், போன் போட்டு நாலு வார்த்தை

வரியின் கடைசியில் ஒரு ஹாஷ். அதன் பின்னால்:
இப்போதைக்கு. திங்கக்கிழமை எடுத்துடணும். மயூ.

மயூ நான்தான்.
எந்தத் திங்கள் என்று எழுதவில்லை.
ஃபைலின் தேதி மூன்று தீபாவளி பழசு.

பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன்.
யாரும் பார்க்காதபோது அந்த வரியை அழித்தேன்.
நொய்யல் தொண்டையைச் செருமிக்கொண்டு
முதல் ஸ்டிக்கரைத் துப்பியது.
"என்னுங்க கோளாறு?"
"பேரு மாறிப்போச்சுங்க."
பொய் இல்லை.
லாரிக்காரர் ஹாரன் அடித்து இறங்கினார்.

ரோல் நீண்டு மேசையிலிருந்து தரைக்கு வழிந்தது.
பித்யாதர், இதை எடுத்து ஒட்டு, என்றேன்.
அவன் திரும்பவில்லை.
பித்யாதர்.
பக்கத்தில் நின்றவன் முழங்கையால் இடித்தான்.
யாரையோ கூப்பிடுகிறார்களே என்று
தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.
அங்கே பெட்டிகள்தான் இருந்தன.