கொசுறு

நான்கு பேர் போய் மூன்று பேர் வந்த பேரம் அது.
பெரிய பெயர் ஒன்று,
வருங்காலம் என்று ஒரு பையன்,
சம்பளக் கணக்கு நேராக வேண்டுமே என்று
கூடை நிரம்பியபின் மேலே போட்ட கொசுறாக
ரெனார்ட் பர்செல்.
வயது முப்பத்தொன்று. ஒன்பது சீசன், ஆறு ஊர்.

செய்தி வந்தபோது பல் டாக்டர் நாற்காலியில் இருந்தானாம்.
பாதி வாய் மரத்துப்போயிருக்க
மனைவிக்குப் போன் போட்டு
மில்வாக்கி என்று சொல்ல நான்கு முறை முயன்றானாம்.
அவள் மியாமி என்று நினைத்து
சந்தோஷப்பட்டாளாம்.

நான் மாய் யெர்.
அரங்கத்துக்கு அடியில், துணி காய வைக்கும் இயந்திரங்களுக்கு அடுத்த அறையில்
சட்டைகளில் பெயர் தைக்கிறவள்.
வருகிறவன் பெயரைத் தைக்க அரை மணி.
போகிறவன் பெயரைப் பிரிக்கத்தான் நேரமாகும்,
ஊசித் துளை தெரியக் கூடாது.

மாடியிலிருந்து வந்த சீட்டில்
அவன் பெயரின் கடைசியில் ஒரு எல் குறைந்திருந்தது.
அப்படியே தைத்தேன்.
மூன்று ஆட்டம் அந்தத் தப்புப் பெயரோடு
பெஞ்சின் கோடியில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தான்.
என் மகள்தான் டிவியில் பார்த்துச் சொன்னாள்.
மன்னிப்புக் கேட்கப் போனால்
'போன ஊர்ல வருஷம் முழுக்க இப்படித்தான்' என்று
சட்டையைக் கழற்றி நீட்டினான்.
இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

பான் வினாய் முகாமில் எங்கள் பெயரையும்
யாரோ தன் காதில் விழுந்தபடிதான் எழுதினார்.
அந்தப் பிழைக்குத்தான் இன்றும் வரி கட்டுகிறேன்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

டிசம்பரில் முதல் ஐவரில் ஒருவன்
மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.
பயிற்சியாளர் பெஞ்சை இரண்டு தரம் பார்த்துவிட்டு
வேறு வழியில்லாமல் இவனை எழுப்பினார்.

பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் தெரியாது.
நான் ஆட்டம் பார்க்கிறவள் இல்லை, கேட்கிறவள்.
தலைக்கு மேலே பதினேழாயிரம் பேரின் கால்கள்.
மூலையிலிருந்து அவன் பந்தை விட்டால்
முதலில் ஒரு மூச்சளவு மௌனம்;
வலை விழுங்கியதும்
என் கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிரும்.
ஜனவரி முழுக்க மேசையைத் துடைத்து மாளவில்லை.

அவனைத் தள்ளிவிட்ட அணி வந்த இரவு
பழி தீர்ப்பான் என்று பத்திரிகைகள் எழுதின.
பதினைந்து எறிந்து மூன்று போட்டான்.
நாற்பத்தொரு புள்ளி எடுத்தது வேறொரு நாள்:
பனிப்புயலடித்த செவ்வாய்,
எதிரே கடைசி இடத்து அணி,
நாற்காலிகள் பாதி காலி.
அன்று பொடி உதிரவில்லை.
இயந்திரங்கள் ஓய்ந்த இடைவெளியில்
பந்து தரையைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது,
அவசரமே இல்லாமல்.

மார்ச்சில் கடைக்காரர்கள்
சிறுவர் அளவில் அவன் சட்டை இருநூறு கேட்டார்கள்.
எழுத்துப் பெட்டியில் எல் தீர்ந்துபோய்
சிகாகோவிலிருந்து வரவழைத்தோம்.

ஏப்ரலில் முதல் சுற்றோடு வெளியேறினோம்.
கடைசி ஆட்டத்தில் அவனுக்கு ஒன்பதே புள்ளி.
ஒப்பந்தம் முடிகிறது,
ஜூலையில் எந்த ஊர் எவ்வளவு கொட்டும் என்று
மாடியில் பேசிக்கொண்டார்கள்.
நான் தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து வைத்தேன்,
பழக்கம்.

மறுநாள் காலை கீழே இறங்கி வந்தான்.
உதட்டை விரலால் விலக்கிக் காட்டினான்:
நவம்பரில் பாதியில் நின்ற பல்,
தற்காலிகமாக அடைத்தது அடைத்தபடி.
சீசன் முழுவதும் வலது பக்கமாகவே மென்றிருக்கிறான்.

இந்த ஊரில் நல்ல பல் டாக்டர் யார் என்று கேட்டான்.

என் மகளுக்குப் பார்ப்பவர் பெயரை
எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.
அவரிடம் இடம் கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்றும் சொன்னேன்.

'அக்டோபர்தானே,' என்றான்,
'என் பேரை எழுதிக்கச் சொல்லுங்க.'