இதர

வாடகை பதினொன்றரை.
ஐந்தாம் தேதி தாண்டினால்
வீட்டுக்காரம்மாவுக்கு மோட்டார் போட மறந்துபோகும்.
அதனால் அது முதல் வரி.

அப்புறம் கேஸ், பால், கேன் தண்ணீர்,
இரண்டு மாதத்துக்கொருமுறை கரண்ட்.
ஐநூறு யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று
மே மாதம் முழுக்க
மூன்று மணிக்கு எழுந்து ஏசியை அணைப்பவன் தணிகைவேல்.
நாலு மணிக்கு வியர்த்து எழுந்து
திரும்பப் போடுபவள் நான்.
இது எந்தக் கணக்கிலும் வராது.

லிங்கிச் செட்டித் தெருவில்
பிறர் வரவுசெலவை டாலியில் தட்டுகிறவள் என்பதால்
வீட்டு ஷீட்டும் என் தலையில்.
கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு,
வஞ்சிரம் மசாலாவில் ஊறிக்கொண்டிருக்க,
பிரித்தோம்.
எண்ணூர் யார்டில் அவனுக்கு முப்பத்தெட்டு,
எனக்கு இருபத்தாறு.
ஆக, செலவில் அவன் அறுபது, நான் நாற்பது.
மிச்சம் அவரவர்க்கு.
"பாதிப்பாதின்னாதான் நியாயம்" என்றேன்.
"நியாயம்தான். மாசக் கடைசியில
உங்கிட்ட பஸ்ஸுக்கு இருக்காது" என்றான்.
ரோஷம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
நாற்பதில் உட்கார்ந்தது.

சண்டையெல்லாம் சின்ன வரிகளில்தான்.
என் அம்மாவின் கண் சொட்டுமருந்து
என் பத்தியிலா, வீட்டிலா?
அவன் தம்பி வந்து பன்னிரண்டு நாள் தங்கினானே,
அந்த அரிசி?
ஷாம்பு வீடு. ஹேர் டை அவன்.
நாப்கினை என் பத்தியிலிருந்து எடுத்து
வீட்டில் போட்டிருந்தான் ஒருநாள்,
ஒன்றும் சொல்லாமல்.
பார்த்துவிட்டு நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வரிக்குப் பெயர் இதர.
ஆளுக்கு ஐநூறு.
அதற்குள் என்றால் கேள்வி கிடையாது.
விதி போட்டதும் நான்தான்.

மாதாமாதம் அவன் இதர நானூற்று எண்பது.
கூடிக் குறைகிற தொகையில் எனக்குச் சந்தேகம் வராது.
மாறாத தொகைதான் உறுத்தும்.
சிகரெட்டா? சீட்டா?
யாருக்காவது தவணையா?
இரண்டால் வகுத்தேன், இருநூற்று நாற்பது.
நாலால் வகுத்தேன், நூற்றிருபது.
வகுத்ததோடு சரி.

ஆவணியில் ஒரு வியாழன், மழை,
மின்ட்டில் பஸ் நகரவே இல்லை.
கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தணிகை.
எதிர் நாற்காலியில் அவன் ஹெல்மெட்.
தட்டில் பிரியாணி, ஓரத்தில் கத்தரிக்காய்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஓர் எலும்பை
அவசரமே இல்லாமல் சூப்பிக்கொண்டிருந்தான்.
வீட்டில் அவன் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.
நான் சைவம்கூட இல்லை.
ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே என்று
கண் கரித்தபோது பஸ் நகர்ந்தது.

ராத்திரி தோசை.
"பசியில்ல, ரெண்டு போதும்" என்றான்.
மூன்றாவதை வேண்டுமென்றே வைத்தேன்.
தின்றான், பாவம்.

படுத்தபிறகுதான் என் இதர ஞாபகம் வந்தது.
முந்நூற்று இருபது. மாதாமாதம்.
சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும்
மண்ணடியில் மெட்ரோ ஏறி
ஏர்போர்ட் வரை போய்
அடுத்த ரயிலில் திரும்பி வருகிறேன்.
ஜன்னலோரம், குளிர்,
யாரும் எதையும் எடுத்துத் தரச் சொல்லாத நேரம்.
மீனம்பாக்கம் பக்கம் சில நாள் ஒரு விமானம்
வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும்.
அவ்வளவுதான்.
அதற்கு அவனைக் கூட்டிப்போக
ஒருநாளும் தோன்றியதில்லை.
அவனும் என் தொகையை
நாலால் வகுத்துப் பார்த்திருப்பானோ?

இந்த மாதம் அவன் இதர சரியாக ஐநூறு.
பெட்ரோல் ஆயிரத்து இருநூற்று இருபது.
இருநூற்று இருபதுக்கு
யாராவது பெட்ரோல் போடுவார்களா?
பிரியாணி இருநூற்று அறுபது ஆகிவிட்டது போல.

வரம்பை அறுநூறாக மாற்றினேன்.
தன் போனில் பார்த்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.
வாசலில் கேன்காரப் பையன் மணியடித்தான்.
"போன தடவ நான் குடுத்தேன்" என்றான்.
ஷீட்டைப் பார்த்தேன்.
உண்மைதான்.